மறியலில் இருந்து வந்த ராப் பாடகனுக்கு மட்டக்களப்பில் எந்த வழி நல்லது?

மறியலில் இருந்து, அதாவது சிறையில் இருந்து, வெளியே வந்த ராப் பாடகனுக்கு முதல் வாரத்திலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "உடனே ஒரு பாட்டு வெளியிடு தம்பி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். கொழும்பில் இருந்து ஒரு தயாரிப்பாளர், வந்து தங்கினால் ஸ்டூடியோவைத் திறந்துவிடுவதாகச் சொல்வார். ஊர் இசைக்குழுக்காரர் வருகிற திருவிழாவுக்கு ஆள் கேட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டு, பகலில் ஒரு தொழிலைச் செய்து, தன் பாடலைத் தானே பதிவுசெய்து, தன் பெயரிலேயே வெளியிடுவது. அதற்கு மட்டும் யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

கல்லடியில் பாடல் பதிவு செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். போதைப்பொருள் வழக்கில் போய் வந்தவர்கள், அடிதடியில் போய் வந்தவர்கள், குற்றம் நிரூபிக்கப்படாமலே நீண்ட காலம் விளக்கமறியலில் இருந்துவிட்டு வந்தவர்கள் என்று பலவிதமான பிள்ளைகள் வரிகளை எழுதிக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது, எது வேகமான வழி என்று. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். ஒரு வருடம் கழித்து உங்கள் கையில் உங்களுடையது என்று என்ன இருக்கும்? அப்போது யாருக்குக் கடன்பட்டிருப்பீர்கள்? இந்த நான்கு வழிகளையும் அந்த இரண்டு கேள்விகளாலேயே அளக்கிறேன்.

அதற்கு முன்னால் நீதிமன்றக் கடதாசியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்டனையை முழுதாக முடித்து வந்தவர் ஒரு நிலையில் இருக்கிறார். பிணையில் வந்தவர் இன்னொரு நிலையில். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு நடமாடுபவர் வேறொரு நிலையில். பிணையில் இருப்பவருக்குக் கடவுச்சீட்டை ஒப்படைத்தல், குறித்த நாளில் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்திடல் போன்ற நிபந்தனைகள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்றால் சனிக்கிழமை இரவு கொழும்பு மேடை சரிவராது. அமெரிக்க ராப் பாடகர் மீக் மில் இதைக் கசப்பாக அனுபவித்தவர். 2007இல் கைதான வழக்கின் நன்னடத்தைக் கண்காணிப்பு அவரைப் பத்து வருடங்களுக்கு மேல் விடவில்லை. பயணங்களை ஒழுங்காக அறிவிக்காததும் 2014இல் அவர் மறுபடி உள்ளே போனதற்கு ஒரு காரணம். 2017 நவம்பரில், அதே கண்காணிப்பு விதிகளை மீறியதாக, இரண்டு முதல் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் வெளியே வந்து, அடுத்த வருடமே அந்தக் கண்காணிப்பு முறையை மாற்றப் பாடுபடும் அமைப்பொன்றை வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கினார். அவரிடம் பெரிய சட்டத்தரணிகள் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு அம்மாவின் தோடும் மாமாவின் பிணைக் கையெழுத்தும்தான் இருக்கின்றன. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், நிபந்தனைகளைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது முதல் வேலை.

முதலில் வெளிநாட்டுச் சொந்தக்காரர். இந்த வழியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏனென்றால் இது அன்பின் பெயரால் வருகிறது. வழக்குக்குப் பணம் அனுப்பியவர், சட்டத்தரணிக் கூலி கட்டியவர், சிறையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கக் கொடுத்தவர். அவர் ஒரு பாட்டுக் கேட்கும்போது மறுப்பதற்கு வாய் வராது. 1995 ஒக்டோபரில் அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் நியூயோர்க் மாநிலச் சிறையொன்றில் இருந்து, மேன்முறையீடு முடியும்வரை என்று பிணையில் வெளியே வந்தார். பிணைத் தொகை 14 இலட்சம் டொலர். அதற்கு வழி செய்தது டெத் ரோ என்ற இசை நிறுவனம். பதிலுக்கு மூன்று ஆல்பங்களுக்கான ஒப்பந்தத்தில் அவர் சிறைக்குள் இருந்தபடியே கையெழுத்திட்டிருந்தார். 1996 பெப்ரவரியில் இரட்டை ஆல்பம் வெளிவந்து உலகமெங்கும் விற்றது. அதே வருடம் செப்டெம்பரில், 25 வயதில், லாஸ் வேகாஸ் வீதியில் சுடப்பட்டு இறந்துபோனார். அவருடைய மரணத்துக்கு அந்த ஒப்பந்தம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிணைக்கு வழி செய்தவருடைய சண்டைகள் அவருடைய சண்டைகளும் ஆகிப்போயின என்பதை அந்தக் கடைசி மாதங்களைப் படித்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

நம் ஊரில் தொகை சிறிது, முறை அதேதான். செலவு செய்பவருக்கு வேண்டிய பாட்டு ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது கோபமான பாட்டு. அவர் ரொறொன்ரோவில் கேட்டுவிட்டு வேலைக்குப் போவார். விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டியவன் நாவற்குடாவிலோ தம்பிலுவிலிலோ இருக்கிறான். கோபத்தைப் பாடக் கூடாது என்பதல்ல என் பேச்சு. தன் கோபத்தைத் தான் தீர்மானித்துப் பாட வேண்டும். உண்மையாகவே உதவ நினைக்கும் சொந்தக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் காசாகக் கேட்காமல் ஒரு மைக், ஓடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன் என்று பொருளாகக் கேட்கலாம். காசு வாங்கத்தான் வேண்டுமென்றால் கடன் துண்டு எழுதுங்கள். தொகை, திருப்பிக் கொடுக்கும் காலம், பாடல்களில் அவருக்கு உரிமை இல்லை என்ற ஒரு வரி. எழுதக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் வாங்காதீர்கள்.

வெளிநாட்டு மேடையும் இதே தொலைபேசியில்தான் பேசப்படும். விசா விண்ணப்பங்கள் குற்றத் தீர்ப்பைப் பற்றிக் கேட்கின்றன, பல நாடுகள் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கின்றன. முதல் வருடத்தில் அந்தக் கனவைத் தள்ளி வைத்துவிடலாம்.

கொழும்பு இரண்டாவது வழி. இதற்கு நியாயமான கவர்ச்சி உண்டு. நல்ல மிக்சிங் செய்பவர்களும் காணொளி எடுப்பவர்களும் விளம்பர வேலை தருபவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சிங்கள ராப் வளர்ந்திருக்கும் அளவைப் பார்த்தால், அந்தச் சூழலோடு தொட்டுக்கொண்டிருப்பதே ஒரு படிப்பு. கிரிஷான் மகேசன், ஏ.டி.கே. போன்றவர்கள் இலங்கையில் இருந்து தமிழில் ராப் பாடி, கடல் கடந்தும் கேட்கப்பட்டவர்கள். அதனால் இங்கிருந்து ஒன்றும் நடக்காது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் போய் விடியற்காலை இறங்கினால், அறை வாடகையும் சாப்பாடும் அன்றைக்கே செலவுக் கணக்கைத் தொடங்கிவிடும். மறியலில் இருந்து வந்த உடலும் மனமும் தெரிந்த முகங்கள் இல்லாத இடத்தில் முதல் சில மாதங்களைக் கழிப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே பழகியவர்களும் கொழும்பில் இருப்பார்கள். தனிமையில் இருப்பவனுக்கு முதலில் தொலைபேசி எடுப்பவர்கள் அவர்கள்தான்.

ஒப்பந்தம்தான் இங்கே பெரிய விடயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாடல் எழுதியவருடைய உரிமை எழுதிய கணமே அவருக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. அவர் வாழும் காலமும் இறந்த பின் 70 வருடங்களும் அது நிற்கும். அவ்வளவு நீளமான ஒன்றை இரண்டு பக்கக் கடதாசியில் ஒரு கையெழுத்தால் கொடுத்துவிட முடியும் என்பதுதான் சங்கடம். வரிகள் யாருக்கு, இசை யாருக்கு, பதிவு யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பொபி ஷ்மர்டா என்ற அமெரிக்க இளைஞர் 2014இல் ஒரே பாட்டால் உலகப் புகழ் பெற்று, பெரிய நிறுவனமொன்றில் ஒப்பந்தமாகி, அந்த வருட முடிவிலேயே கைதானார். 2021 பெப்ரவரியில் வெளியே வந்தபோது அந்தப் பழைய ஒப்பந்தம் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நினைத்தபடி பாடல்களை வெளியிட முடியவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 2022இல்தான் அதிலிருந்து விடுபட்டார்.

மேடை மூன்றாவது. இதில் எனக்குப் பிடித்தது, காசு அன்றிரவே கையில் வருவதும் ஊர் முகத்துக்கு முகம் பார்ப்பதும். மறியலுக்குப் போனவனை மறுபடியும் ஏற்றுக்கொள்வதா என்று ஊர் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் அவன் ஏறி இரண்டு பாட்டுப் பாடி இறங்கினால், அந்தப் பேச்சுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். யூடியூபால் அதைச் செய்ய முடியாது. ஆனால் இசைக்குழு மேடை பெரும்பாலும் சினிமாப் பாட்டு மேடை. ராப் பாடகனுக்கு அதில் நடுவில் ஒரு துண்டு கிடைக்கும். ஒலிபெருக்கி அனுமதிக்கோ இரவில் நேர எல்லை உண்டு. நிகழ்ச்சி பிந்தினால் முதலில் வெட்டுப்படுவது அவனுடைய துண்டு. ஒலிபெருக்கி அனுமதி விண்ணப்பத்தைக் கழகமோ கோவில் பரிபாலன சபையோ தங்கள் பெயரில் கொடுக்கட்டும். வழக்கில் இருப்பவர் அதற்காகப் பொலிஸ் நிலையப் படி ஏற வேண்டாம்.

இன்னொன்று, மேடைக்கும் பருவம் உண்டு. மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தம், புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்பு என்று சனம் திரளும் காலம் வருடத்தின் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கிறது. அறுகம்பையில் வெளிநாட்டவர்கள் அலைச்சறுக்க வருவதும் ஏறத்தாழ ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரைதான். அதன் பிறகு வடகீழ்ப் பருவமழை. மேடையை மட்டும் நம்பியவனுக்கு மார்கழி வரை வருமானம் இல்லை. அறுகம்பையைப் பற்றி ஒரு வார்த்தை: ஹோட்டல்களில் பாட வாய்ப்பு உண்டு, கேட்பவர்களும் புதியவர்கள். ஆனால் போதைப்பொருளால் உள்ளே போய் வந்தவர் முதல் வருடம் அந்த இரவுகளுக்குப் போகவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி, யாரும் அழைக்காத அந்த நான்காவது வழி. இதைத்தான் நான் முன்வைக்கிறேன். அதனால் இதன் குறையில் இருந்தே தொடங்குகிறேன். இது சோறு போடாது. யூடியூபின் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு என்றால், அதை முழுதாக 80,000 தடவை யாராவது கேட்டிருக்க வேண்டும். குறுங்காணொளியால் போவதென்றால் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள். அதைத் தாண்டினாலும் கணக்கில் 100 டொலர் சேர்ந்த பிறகே காசு வெளியே வரும். ஸ்பொட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அங்கே அதற்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே பகல் தொழில் கட்டாயம். மேசன் வேலையோ, இரும்பு ஒட்டு வேலையோ, ஆட்டோவோ, வாவியில் வலை வீசுவதோ, எதுவானாலும். அந்தத் தொழில்தான் சொந்தக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் "யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லும் தைரியத்தைக் கொடுக்கிறது.

அப்படியானால் இணையத்தில் ஏன் வெளியிட வேண்டும்? காணிக்கு உறுதி எப்படியோ, பாட்டுக்கு அப்படித்தான் சொந்த அலைவரிசை. எந்தத் திகதியில், யாருடைய பெயரில், எந்தக் குரலில் வந்தது என்பது அங்கே நிற்கும். பிறகு கொழும்பு அழைத்தாலும் கையில் ஒன்றுமில்லாதவனாகப் போக வேண்டியதில்லை.

இந்த வழியில் பலர் வழுக்குவது பீட்டில், அதாவது ராப் வரிகளுக்குக் கீழே ஓடும் தாள இசையில். இணையத்தில் 'இலவசம்' என்று கிடக்கும் பீட்டை இறக்கிப் பாடிவிடுகிறார்கள். இலவசம் என்பது பெரும்பாலும் வருமானம் எடுக்காதவரைதான். பாட்டு ஓடத் தொடங்கியதும் பீட்டின் சொந்தக்காரருக்காக உரிமைக் கோரல் வந்து விழும், விளம்பரக் காசு அவருக்குப் போய்விடும். அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய குறை. நம்மிடம் என்ன இல்லை? வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்கு அடிக்கும் மத்தளம் இருக்கிறது, சல்லரி இருக்கிறது, வசந்தன் கூத்தின் கோலடி இருக்கிறது, கண்ணகி அம்மன் சடங்கின் உடுக்கு இருக்கிறது. மத்தளக்காரரை ஒரு மாலை அழைத்து, கூலி கொடுத்து, அவருடைய தாளக்கட்டுகளைப் பதிந்து, பாட்டில் அவர் பெயரைப் போடுங்கள். உடுக்கென்றால் முதலில் சடங்கை நடத்தும் பூசகரான கப்புகனாரிடம் கேளுங்கள். சடங்கு நடக்கும்போது தொலைபேசியில் பதிந்துகொண்டு வந்து பாட்டுக்குக் கீழே போடுவது சரியல்ல. கல்லடியிலேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வயலினும் மிருதங்கமும் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், புதிதாக எதையாவது செய்து பார்க்கும் ஆசையும் அவர்களுக்கு உண்டு. யாழ்நூல் தந்த மனிதர் பிறந்தது காரைதீவில். இந்த மண்ணில் இசைக்கு ஆள் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

வருடக் கணக்கும் இந்த வழிக்குத்தான் பொருந்துகிறது. தகரக் கூரைக்குக் கீழே மழைக்காலத்தில் குரல் பதிய முடியாது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை எழுதுங்கள். தையில் இருந்து பங்குனிக்குள் பதியுங்கள். சித்திரையில் கழக மேடையில் பாடி, எந்த வரியில் சனம் திரும்பிப் பார்க்கிறது என்று கண்டுகொண்டு, பிறகு வெளியிடுங்கள். முதல் வருடத்துக்கு மூன்று பாட்டுப் போதும். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைக் கண்டு கலைஞராகப் பெயரைப் பதிவதும் இந்தக் காலத்துக்குள் செய்ய வேண்டியது. இலக்கிய விழா, கலாசார விழா என்று வரும்போது அழைப்பு வரும். இவர் என்ன செய்கிறார் என்று எங்காவது கேட்டால் காட்டவும் ஒரு கடதாசி இருக்கும்.

வேகமாக வந்து வென்றவர்களும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டாவின் ராப் பாடகர் குச்சி மேன் 2016 மே மாதக் கடைசியில் விடுதலையாகி ஜூலையிலேயே ஆல்பம் வெளியிட்டார். ஆனால் அவருக்கு வீட்டிலேயே ஸ்டூடியோ இருந்தது. வருடக்கணக்காகக் கூடவே வேலை செய்த இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருந்த காலத்தில் போதையை விட்டு, உடம்பைத் தேற்றி, புது மனிதராக வந்தார். அந்த இரண்டு மாத வேகத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

எந்த வழியில் போனாலும் வரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மன்னார்ப் பகுதிக் கவிஞர் அஹ்னாஃப் ஜசீம் தன் தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்று ஆவதற்குள் அவருடைய இளமையில் மூன்றரை வருடங்கள் போய்விட்டன. 2024இல் இருந்து, இணையத்தில் வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ராப் பாடகர் யங் தக் மீதான நீண்ட வழக்கில் அரச தரப்பு அவருடைய ராப் வரிகளையே சாட்சியமாகக் கொண்டுவந்தது. கலிபோர்னியா மாநிலம் 2022இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. அப்படி ஒரு பாதுகாப்பை நம்பி இங்கே எழுத முடியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தால், அன்று என்ன நடந்தது என்பதைப் பாட்டில் சொல்ல வேண்டாம். உள்ளே கண்டதைப் பாடுங்கள்: இடமில்லாமல் பக்கவாட்டில் படுத்த இரவை, பார்க்க வந்த அம்மா கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றதை. ஒருவரைக் காயப்படுத்திய வழக்கென்றால் அந்தக் குடும்பமும் இதே வாவிக்கரையில்தான் இருக்கிறது. அவர்கள் காதில் விழும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். வெளியிடுவதற்கு முன் சட்டத்தரணியிடம் வரிகளைக் காட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மேடைப் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். பழைய பாடல்கள் உங்கள் கையில் இருந்தால் வைத்திருங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

ஆக, பிணையில் இருப்பவருக்கு நான்காவது வழியும், அதற்குள் பக்கத்து ஊர் மேடையும். தண்டனை முடித்து, வீட்டில் யாரும் தன்னை நம்பி இராதவருக்கு, மூன்று பாட்டுக் கையில் வந்த பிறகு கொழும்பு. பிள்ளை குட்டிக்காரருக்குத் தொழிலோடு மேடைப் பருவம். சொந்தக்காரரின் காசு யாருக்கும் முதல் வருடத்தில் வேண்டாம், கடன் துண்டோடு வந்தால் தவிர.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்த காலத்தில் பழைய யூடியூப் அலைவரிசையும் மின்னஞ்சலும் டிக்டொக் கணக்கும் யாரோ ஒரு கூட்டாளியின் தொலைபேசியில் இருந்திருக்கும். அவரைச் சந்தித்து, கடவுச்சொற்களை வாங்கி, மாற்றி, மீட்பு இலக்கமாக உங்கள் சொந்த இலக்கத்தைப் போடுங்கள். பழைய பதிவுகளின் கோப்புகள் எந்த ஸ்டூடியோவில் கிடக்கின்றன என்று விசாரித்து ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அந்தப் பாடல்களில் கூடப் பாடியவர்கள், பீட் கொடுத்தவர்கள் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, யாருக்கு என்ன பங்கு என்று அவர்களிடமே கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். புதுப் பாட்டை அதன் பிறகு தொடங்கலாம்.